அக்காவின் வண்டிக்கு எதிரே வந்தவர்கள்

எதிரே வரும் வண்டி இரண்டு முறை விளக்கைச் சிமிட்டும். அக்கா உதட்டைச் சுழிப்பாள். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள குச்சியை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். எங்கள் வண்டியின் முழு வெளிச்சமும் ஒரு கணம் பாய்ந்து அடங்கும். "டிம்முலதான்டா வர்றேன், நல்லாப் பாத்துக்க" என்று, அந்த வண்டி கடந்து போன பிறகும் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். கண்டிப் பக்கம் கலஹாவிலிருந்து தெல்தோட்டைக்கு ஏறும் வளைவுப் பாதையில், பொழுது சாய்ந்த வேளைகளில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அக்காவை நினைத்தால் இன்றும் இந்தக் காட்சிதான் முந்திக்கொண்டு வருகிறது. சிரிப்புத்தான் வருவதில்லை.

வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருக்களில் விளக்குக்கும் ஒரு பேச்சு உண்டு. எதிரே வருபவன் இரண்டு முறை சிமிட்டினால், "உன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, தணித்துக்கொள்" என்று பொருள். நாம் ஏற்கெனவே தணித்துத்தான் வருகிறோம் என்றால், முழு வெளிச்சத்தை ஒரு கணம் அடித்துக் காட்ட வேண்டும். "இதுதான் என் ஃபுல், நீ பார்த்தது டிம்" என்பது அதற்கான பதில். எந்தச் சாரதிப் பயிற்சிப் பள்ளியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் லொறிக்காரர் முதல் த்ரீவீல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். அக்காவும் அந்தப் பதிலைத்தான் ஒழுங்காகச் சொல்லி வந்தாள்.

குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த கையோடு அக்கா அந்த வண்டியை எடுத்தாள். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த ஹைபிரிட் கார். வெள்ளை நிறம், பின்னால் தாராளமான இடம். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், சிறுநீரக நோய் வந்தவர்களை விடியலில் ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவாள். இரத்தம் சுத்திகரித்து முடியும்வரை வெளியே காத்திருந்து, மாலையில் வீடு வீடாக இறக்கிவிடுவாள். பஸ்ஸில் போனால் திரும்பும்போது வாந்தியும் மயக்கமுமாக இருப்பவர்கள் அவர்கள். அக்காவின் வண்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். கண்டி நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வாரக் கடைசியில் நானும் அந்த வண்டியில்தான் ஊருக்குப் போவேன்.

எங்கள் பக்கத்தில் வாடகைக்கு, ஹயர், ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. த்ரீவீல் நிற்கும் இடத்தைக் கடந்தால் "வண்டி தானாவே போகுதா அக்கா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பஸ்காரர்கள் அவளைக் கண்டால் வேண்டுமென்றே விளிம்புவரை ஒதுக்குவார்கள். பட்டப்பகலில் விளக்கைச் சிமிட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு போவார்கள். வெயிலில் யாருக்குக் கண் கூசும்? அது வெறும் சேட்டை. எனவே மாலையிலும் விளக்குகள் சிமிட்டத் தொடங்கியபோது அக்காவுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. "பகல்ல பல்லக் காட்டுவானுங்க, பொழுது போனா லைட்டக் காட்டுவானுங்க. பொம்பள ஸ்டியரிங் புடிச்சா இவனுங்களுக்கு வயித்தெரிச்சல்" என்றாள். நானும் நம்பினேன். அவள் பட்டதையெல்லாம் பார்த்த யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அந்தச் சிமிட்டல் எப்போது ஆரம்பித்தது என்று அன்றே யோசித்திருந்தால் விஷயம் பிடிபட்டிருக்கும். வண்டியை உயர்த்திய பிறகுதான் அது ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்துப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி கல், பாதி ஓடை. ஜப்பானியத் தார்ச்சாலைக்குச் செய்த தாழ்வான கார், லயத்துக்கு ஏறும்போது அடிவயிற்றைக் கல்லில் உரசும். அதனால் இந்தப் பக்கம் இப்படி ஒரு வண்டி வாங்கினால் முதலில் செய்யும் காரியம், நான்கு சக்கரச் சில்லுகளின் ஸ்பிரிங்குகளிலும் தடித்த வளையம் வைத்து வண்டியைத் தூக்குவதுதான். ஸ்பேசர் போடுவது என்பார்கள். புது வண்டிக்குப் பூசை போடுவதற்கு முன்பே ஸ்பேசர் போட்டவர்கள் உண்டு. அக்காவும் ஒரு டயர் கடையில் போட்டுக்கொண்டாள். வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. "இப்பத்தான் இது நம்ம ஊரு வண்டி" என்று அதன் முதுகில் தட்டினாள்.

எங்களுக்குப் பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் பின்பக்கம் பாரம் ஏறினால் வால் தாழும், மூக்கு நிமிரும். மூக்கோடு விளக்கும் நிமிர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். பழைய வான் வண்டிகளில் இதற்காக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கும். ஆள் கூடினால் அதைத் திருப்பி விளக்கைத் தாழ்த்த வேண்டும். ஒருவரும் திருப்புவதில்லை. இந்தக் காலத்து வெள்ளை விளக்குகளுக்கு வெளிச்சம் அதிகம், மறதியை மன்னிக்காதவை. அதனால் அந்த வேலையை மனிதரிடமிருந்து வாங்கி வண்டியிடமே கொடுத்துவிட்டார்கள். பின்சில்லின் அச்சுப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்தில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை சில்லைத் தாங்கும் கையில், மறுமுனை வண்டியின் உடம்பிலுள்ள ஓர் உணரியில். வால் தாழ்ந்தால் கம்பி தள்ளும். உணரி ஒரு சின்னப் பெட்டிக்குச் சேதி சொல்லும். விளக்குக்குள் இருக்கும் குட்டி மோட்டார்கள் வெளிச்சத்தைக் கீழே இறக்கும். பாரம் இறங்கி வால் உயர்ந்தால் வெளிச்சமும் பழைய இடத்துக்கு ஏறும். ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் முடியாது.

அக்காவின் வண்டியில் உணரி பின்னால் மட்டும்தான். அந்தக் கம்பிக்குத் தெரிந்தது பின்சில்லுக்கும் உடம்புக்கும் இடையேயுள்ள தூரம் ஒன்றே. நான்கு பக்கமும் ஒரே அளவில் தூக்கியதால் வண்டி மட்டமாகத்தான் நின்றது. முன்பக்கமும் உயர்ந்திருக்கிறது என்று கம்பிக்கு யார் சொல்வது? வால் ஒரேயடியாக மேலே போய்விட்டது, மூக்கு தரையைப் பார்க்கிறது என்று அது கணக்குப் போட்டது. மூக்குத் தாழ்ந்தால் வெளிச்சத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தியது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. எதுவும் உடையவில்லையே, எரிவதற்கு. எல்லாம் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன. அக்காவுக்கோ தெரு முன்னைவிட நெடுந்தூரம் தெரிந்தது. வண்டி நிமிர்ந்ததன் குணம் என்று அதையும் மெச்சிக்கொண்டாள்.

என் கடைக்கு வரும் சாரதிகளில் பாதிப்பேர் சொல்வது ஒரே முறைப்பாடுதான். "இந்த வெள்ள லைட்டுக்காரனுங்களால ஒண்ணும் தெரியலம்மா, மஞ்சக் கண்ணாடி இருந்தா குடுங்க." எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் அவர்களோடு சேர்ந்து அந்த வெள்ளை விளக்குக்காரர்களைத் திட்டுவேன். மாலையானால் அக்காவின் வண்டியில் ஏறிக்கொள்வேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தூறல். பின்னால் மூன்று நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் சரிவின் நடுவே, வலப்பக்கம் பள்ளமான ஒரு வளைவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கி வந்தது. இரண்டு முறை சிமிட்டியது. அக்கா வழக்கம்போல் ஃபுல்லை ஒரு தட்டுத் தட்டினாள். மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பவில்லை. தெரு நேராகவே போகிறது என்று எண்ணியதைப் போல நேராகப் போய், விளிம்பைத் தாண்டி, எங்கள் பார்வையிலிருந்து இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

அக்கா பிரேக்கைப் போட்டு இறங்கி ஓடினாள். கைப்பேசி வெளிச்சத்தில் கீழே பார்த்தால், தேயிலைச் செடிகளின் மேலே சேலைகள் விரிந்து கிடந்தன. பச்சை, ரோஸ், மயில் நீலம். எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. புடவை நானா. தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும் கலஹாப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. தீபாவளிக்கு எங்கள் லயத்தில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். "இந்தக் கலரு உங்களுக்குச் சரிவராது தங்கச்சி" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு உரிமை. லயத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து, அவருடைய சேலை ஒன்றையே தொட்டிலாக்கி அவரை மேலே தூக்கினார்கள். நோயாளிகள் இறங்கி ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். பின்னிருக்கையில் நானாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அவர் தண்ணீர் கேட்டார். அக்கா வண்டியை ஒரு நொடி நிறுத்தி, போத்தல் மூடியில் ஊற்றி அவர் உதட்டை நனைத்தாள். பிறகு கண்டியை நோக்கி விரட்டினாள்.

வழி நெடுக எதிரே வந்தவர்கள் விளக்கைச் சிமிட்டினார்கள். "ஒரு உசிரு போய்க்கிட்டு இருக்கு, இப்பவும் வெளையாடுறானுங்களே பாவிங்க" என்று அழுதுகொண்டே ஒவ்வொருவனுக்கும் ஃபுல் அடித்துப் பதில் சொல்லிக்கொண்டு போனாள். பேராதனைப் பாலத்துக்கு முன்பே நானாவின் மூச்சு நின்றுவிட்டது. நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளாகவே திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஈரத்தில் சறுக்கியது என்று போலீஸ் விசாரணை முடிந்தது. யாரும் அக்காவை ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நன்றிதான். நானாவின் மனைவியை ராத்தா என்று கூப்பிடுவோம். கணவனை இழந்தவர் இத்தா இருக்கும் காலம், வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். நாங்கள்தான் பார்க்கப் போனோம். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்தில அவருக்குத் தண்ணி குடுத்த கை தங்கச்சி இது. சொந்த பந்தம் கூட பக்கத்தில ஈக்கல்ல. அல்லாஹ்ட நாட்டம், உங்களத்தான் அனுப்பி ஈக்கிறான்" என்றார். நாற்பதாம் நாள், இறந்தவருக்காகக் கத்தம் ஓதிய சோற்றை வாளியில் போட்டு எங்கள் லயத்துக்கு அனுப்பிவைத்தார். அக்கா அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

சில வாரங்கள் கழித்து, பின்சில்லுப் பக்கம் ஏதோ கடகடக்கிறது என்று பல்லேகலவில் ஒரு வேலைத்தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மழை இருட்டு. உள்ளே இன்னொரு வண்டிக்கு எதிரே நிறுத்தியபோது, அதன் அடியில் படுத்திருந்த மெக்கானிக் பாஸ் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சிங்களவர், தமிழை இழுத்து இழுத்துப் பேசினார். வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தச் சொல்லி, சுவரில் விழுந்த வெளிச்சத்தின் மேல்விளிம்பைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, ரெண்டு லைட்டும் ஆகாசம் பாக்குதே. வண்டி உசத்தின பிறகு செட் பண்ணல்லையா?" அக்காவுக்குப் புரியவில்லை. குனிந்து அந்தக் கம்பியைக் காட்டினார். சேறு படிந்த, அற்பமான ஒரு கம்பி. "முன்னால வாற ஆக்கள் லைட் அடிக்கல்லையா?" என்று கேட்டார்.

"அடிச்சாங்க" என்றாள் அக்கா.

அவர் வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, ஒரு கருவியைச் செருகி, இப்போது இருக்கும் உயரம்தான் இனிப் பூஜ்ஜியம் என்று அந்தச் சின்னப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தார். சுவரில் இருந்த வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கி நின்றது. எங்களுக்கு வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்று அக்கா கேட்டாள். வேலை சுலபமாக முடிந்ததைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்து, "இவ்வளவுதான்" என்றார்.

அன்று ஊருக்குத் திரும்பிய பயணத்தை என்னால் மறக்க முடியாது. லொறி வந்தது, பஸ் வந்தது, த்ரீவீல்கள் வரிசையாக வந்தன. எல்லோரும் தங்கள் பாட்டில் கடந்து போனார்கள். ஒருவர்கூடச் சிமிட்டவில்லை. கலஹாவைத் தாண்டினோம். அந்த வளைவு வந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பி இறங்கிப் போனது. அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "ஒருத்தனும் அடிக்கலடி" என்றாள். "அப்ப அத்தன பேரும் என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் போயிருக்கானுங்க. அவரும் சொன்னாரு." அவள் கை அந்தக் குச்சியின் மேலேயே கிடந்தது. நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ராத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று அவள் தீர்மானித்தபோது நான் சண்டை போட்டேன். ஆண்டவன் காரியம் என்று அந்த மனுஷி மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கிறார். அதைப் போய்க் கலைப்பது யாருடைய நிம்மதிக்காக என்று கேட்டேன். "அந்தச் சோத்தத் தின்னுட்டேன்டி. இனி அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்றாள் அக்கா. எனக்குக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஸ்பேசர் போட்டவன் மீதா, தெருவில் பல்லைக் காட்டி அவள் கண்ணை மறைத்தவர்கள் மீதா? அந்தப் பகல் நேரத்துச் சேட்டை இல்லாதிருந்தால், சிமிட்டிய முதல் நாளே அவள் இறங்கிப் பார்த்திருப்பாள். எண்ணெய் அளவைக்கூடத் தினமும் பார்க்கிறவள் அவள்.

ராத்தா எங்களுக்குத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியைத் தூக்கியது, கம்பி, மோட்டார், ஆகாயம் பார்த்த வெளிச்சம், நானா சிமிட்டியது, தான் ஃபுல் அடித்தது, ஒன்றையும் விடவில்லை. ராத்தா வெள்ளை முக்காட்டின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு தங்கச்சி இத வந்து செல்றீங்க?" என்றார். சத்தம் உயரவேயில்லை. "ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்குக் கேட்ட துஆவோட உங்களுக்கும் சேத்துத்தான் கேட்டு வந்தேன். இனி நான் என்னண்டு கேக்கிற?"

அக்கா அவர் காலைத் தொடக் குனிந்தாள். ராத்தா காலை இழுத்துக்கொண்டார். தேநீர் குடிக்காமலே வெளியே வந்தோம். அந்த வீட்டுப் பக்கம் அதற்குப் பிறகு நாங்கள் போனதில்லை.

ஸ்பேசர்களைக் கழற்றி, விளக்கை மறுபடி சரிபார்த்து, வண்டியை விற்றாள். நோயாளிகள் பழையபடி பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் வழியில் மயங்கி விழுந்து, அதற்குப் பிறகு சிகிச்சைக்கே போகாமல் வீட்டில் இருந்து இறந்துபோனார். அந்தச் சாவையும் அக்கா தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டாள். இப்போது பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். குண்டசாலையில் ஓர் அறை எடுத்து இருவரும் இருக்கிறோம். தொழிற்சாலை வான் வண்டியில் எப்போதும் கடைசி இருக்கையில், எதிரே வரும் வெளிச்சத்தைப் பார்க்காமல் உட்காருவாளாம்.

போன மாதம் ஒருநாள் நானும் அந்த வானில் வந்தேன். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால் அக்காவும் நானும் முன்னால் ஏற வேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்திருந்தது. எதிரே வந்த கார் இரண்டு முறை சிமிட்டியது. ஓட்டிய தம்பி, ஹேவாஹெட்டப் பக்கத்துப் பிள்ளை, ஃபுல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். "முன் சீட்டுல பொம்பளைங்க இருந்தா இப்பிடித்தான் அக்கா, கண்ணடிப்பானுங்க."

"வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி" என்றாள் அக்கா.

அவர் விளையாட்டென்று எண்ணினார். அவள் மறுபடி சொன்னபோது குரலைக் கேட்டு நிறுத்திவிட்டார். அக்கா தூறலில் இறங்கி, வானுக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடந்துபோய், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டிம் வெளிச்சம் அவள் முகத்தில் முழுதாக விழுந்தது. அவள் கண்ணை மூடவுமில்லை, கையால் மறைக்கவுமில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. பின்னால் இருந்தவர்கள் என்ன என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அங்கிருந்தே, "ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும் தம்பி, அதத் திருப்புங்க" என்றாள். அது பூஜ்ஜியத்தில் நின்றது. தம்பி ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பினார். வெளிச்சம் அக்காவின் நெற்றியிலிருந்து இறங்கியது, கழுத்துக்கு, மார்புக்கு, இடுப்புக்கு. "போதும்" என்று அவள் குரல் வந்தது. அவளுடைய கால்களும் நனைந்த தார்ச்சாலையும்தான் எங்களுக்குத் தெரிந்தன. முகம் இருட்டுக்குள் போயிருந்தது.